எட்டாம் கிரேடுக்குப் பிறகு பியானோவை மூடலாமா?

பினாங்கில் பியானோ வகுப்புக்குப் போகும் மாணவர்களைப் பார்த்தால் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த கிரேடு?" என்பதுதான். எட்டாம் கிரேடு சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் ஏறியதும் பியானோவின் மூடி இறங்கிவிடுகிறது. பிறகு எஸ்பிஎம், எஸ்டிபிஎம் என்று காலம் ஓடிவிடும். பெற்றோர் ஆண்டுக்கணக்காகக் கட்டிய கட்டணத்துக்கு மிஞ்சியது அந்தச் சட்டம் மட்டுமே.

அதே மாணவரிடம், பள்ளி விழாவில் பாடப்போகும் தோழி ஓர் இசைத்தாளை நீட்டி, "இதைக் கொஞ்சம் வாசியேன்" என்று கேட்கட்டும். "ரெண்டு வாரம் டைம் கொடு" என்பதுதான் பலரின் பதிலாக இருக்கும்.

இதில் மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஏபிஆர்எஸ்எம் செய்முறைத் தேர்வின் 150 மதிப்பெண்களில் மூன்று உருப்படிகளுக்கு மட்டும் 90. முன்பின் பார்த்திராத தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பதற்கு வெறும் 21. 2020இல் அறிமுகமான 'பெர்ஃபார்மன்ஸ் கிரேடு' தேர்வில் அதுவும் கிடையாது. நான்கு உருப்படிகளை வாசித்துப் பதிவு செய்து அனுப்பினால் போதும். மதிப்பெண் இல்லாததற்கு யார் மெனக்கெடுவார்கள்?

ஆனால், அந்த 21 மதிப்பெண் திறமையை வைத்தே பிழைக்கும் ஒரு தொழில் இருக்கிறது. பெயர் ரெபெட்டிட்டர். பாட்டாலேயே நடக்கும் நாடகமான ஓபராவுக்கு ஒத்திகை வாரக்கணக்கில் நீளும். அத்தனை நாளும் முழு இசைக்குழுவை உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்க எந்த அரங்காலும் முடியாது. எனவே ஒரே ஒருவர், இசைக்குழு வாசிக்க வேண்டிய அனைத்தையும் பியானோவில் வாசிப்பார். வராத பாடகரின் வரிகளைத் தாமே பாடுவார். இத்தாலிய, ஜெர்மானிய உச்சரிப்பைத் திருத்துவார். கண் மட்டும் நடத்துநரின் கோலை விட்டு விலகாது. நமக்குப் பழக்கமான ஆளைச் சொல்வதானால் நட்டுவனார். அரங்கேற்றத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே ஜதி சொல்லி, தாளம் தட்டி, பிள்ளையை மேடைக்குத் தயாராக்குபவர் அவர்தானே! ஆனால் நட்டுவனாரை மேடையோரத்தில் பார்க்கலாம். ரெபெட்டிட்டரை ரசிகர்கள் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை.

கண்ணில் படாத வேலை என்பதால் சின்ன வேலை என்று எண்ணிவிட வேண்டாம். உலகப் புகழ்பெற்ற நடத்துநர் ஜார்ஜ் ஷோல்டி புடாபெஸ்ட் ஓபராவில் இப்படித்தான் தொடங்கினார். 2002 முதல் 2024 வரை லண்டன் ராயல் ஓபரா ஹவுசின் இசை இயக்குநராக இருந்த அந்தோனியோ பப்பானோ, சிறுவயதில் தம் அப்பாவிடம் பாட்டுப் படிக்க வந்தவர்களுக்குப் பியானோ வாசித்து வளர்ந்தவர். ஓபராவை விட்டுத் தள்ளிப் பார்த்தால், நமக்குப் பக்கத்திலேயே கொழும்பின் ரோஹன் டி சில்வா இருக்கிறார். வயலின் மேதை இட்சாக் பெர்ல்மானுக்குப் பல ஆண்டுகளாகப் பியானோ வாசிப்பவர். 1990இல் மாஸ்கோ சைக்கோவ்ஸ்கி போட்டியில் சிறந்த துணைக்கலைஞருக்கான சிறப்புப் பரிசு பெற்றவர். பிறருக்காக வாசித்தே உலக மேடைகளுக்குப் போனவர்.

"இதெல்லாம் மலேசியாவில் சோறு போடுமா?" என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்வி. ஜெர்மனியில் பல நகரங்களில் அரசு மானியத்தில் ஓபரா அரங்குகள் நடக்கின்றன. அங்கே ரெபெட்டிட்டர் மாதச் சம்பளக்காரர். நம் நாட்டில் அப்படி இல்லை. இந்த வேலைக்கென்றே போக நினைப்பவர் லண்டன் கில்ட்ஹால் போன்ற கல்லூரிகளின் பயிற்சியையும், அதற்கு ஆகும் செலவையும் கணக்குப் போட்டே ஆகவேண்டும்.

ஆனால் துணைக்கு வாசிக்கும் திறமைக்கு ஜார்ஜ்டவுனிலேயே வேலை உண்டு. தேவாலயப் பாடகர் குழுக்களுக்கும் பாலே வகுப்புகளுக்கும் பள்ளி இசை நாடகங்களுக்கும் பியானோ வாசிக்க ஆள் வேண்டும். வயலின் கிரேடு தேர்வுக்குப் போகிறவர்கள் துணைக்கு வாசிப்பவரைத் தாங்களேதான் அழைத்துப்போக வேண்டும். பல இடங்களில் ஆசிரியரே வாசித்துச் சமாளிக்கிறார். கல்லூரியில் படித்துக்கொண்டே கைச்செலவுக்குச் சம்பாதிக்க, உணவகத்தில் தட்டு எடுப்பதைவிட இது மோசமா என்ன?

தினமும் பத்து நிமிடம் புதிதாக ஒரு தாளை எடுங்கள். தவறினாலும் நிறுத்தாமல் வாசியுங்கள். பாடுபவர் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார். அடுத்த தேர்வுக்கு வயலினோடு தயாராகும் தோழி யாராவது இருந்தால், அவருடைய பியானோ பகுதியை இந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள்.