வக்காலத்தும் பொறுப்பும்

நீதிமன்றத்தில் வழங்கும் வக்காலத்து என்னும் சொல் அரபியின் ‘வகாலத்’ என்பதே. தம் பணியைப் பிறரிடம் ஒப்படைத்தவர் அதனால் பொறுப்பினின்றும் நீங்கிவிடுவதில்லை என்பதை ஃபிக்ஹு ஓதும் இளமாணவனும் அறிவான். வாஷிங்டன் அறிந்ததாகத் தெரியவில்லை.

கொலம்பியாவில் கொக்கேய்ன் ஒழிப்புக்கென 2000ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் சபை பணம் ஒதுக்கிற்று. போதையை ஹராமெனக் கொண்ட நாம் அந்நோக்கத்தைப் பழிக்கவில்லை. அங்கே அமெரிக்கப் படையினர் 500 பேருக்கும், ஒப்பந்தப் பணியாளர் 300 பேருக்கும் மேற்படலாகாதென வரம்பும் விதித்தது. நன்று! ஆனால் அந்த 300 அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே. அதே கம்பெனி பிற நாட்டாரை அமர்த்தினால் அவர்கள் கணக்கில் வாரார். 2004இல் வரம்பே 800, 600 என வளர்ந்தது.

எண்ணிக்கை கிடக்கட்டும், செயலையேனும் கண்காணித்தனரா? 2001 ஏப்ரலில் அண்டை நாடாகிய பெருவின் வானில், சி.ஐ.ஏ.வுக்காக ஒப்பந்தக்காரர் ஓட்டிய வேவு விமானம் ஒரு சிறு விமானத்தைக் கண்டு காட்டிற்று. பின்னர் அவர்களே ஐயுற்றனர். அதற்குள் பெருவின் போர்விமானம் சுட்டுவிட்டது. அதிலிருந்தது கொக்கேய்ன் அன்று, ஒரு கிறிஸ்தவ ஊழியக் குடும்பம். தாயும் ஏழு மாதக் குழந்தையும் மாண்டனர். முன்னரும் விதிகள் மீறப்பட்டன, காங்கிரஸிடம் மறைக்கப்பட்டன என்று சி.ஐ.ஏ.வின் தணிக்கைத் தலைவரே எழுதியது 2008இல்தான் வெளிவந்தது. 2010இல் 16 அதிகாரிகள் மீது இலாகா நடவடிக்கை எடுத்தனர். அமெரிக்க நீதிமன்றக் கூண்டில் ஏறியவர் ஒருவருமிலர்.