வால்வு மாற்றும் ரசிகர்கள்

சென்ற மாதம் ஒரு நண்பர் வீட்டுக்குப் பாட்டுக் கேட்கப் போயிருந்தேன். மாலை ஆறு மணிக்குப் போனவன் ஒன்பது மணிக்குத் திரும்பினேன். இந்த மூன்று மணி நேரத்தில் ஒரு பாட்டைக்கூட நான் முழுதாகக் கேட்கவில்லை. ராஜரத்தினம் பிள்ளையின் தோடி மட்டும் ஏழு தடவை ஆரம்பமாயிற்று; ஏழு தடவையும் ஒரு நிமிஷம் ஆவதற்குள் நின்றுபோயிற்று.

நிறுத்தியவர் நண்பர்தான். ஹெட்போனுக்கென்றே செய்த வால்வு ஆம்ப்ளிபையர் ஒன்று அவரிடம் இருக்கிறது. தலையில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் செக்கச் செவேலென்று எரிந்துகொண்டிருக்கும். பாட்டை நிறுத்துவார், மின்சாரத்தை அணைப்பார், குழாய் சூடு ஆறும்வரை காத்திருப்பார். பிறகு துணியால் பிடித்து ஒரு வால்வைப் பிடுங்குவார்; பஞ்சு வைத்த பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்துச் செருகுவார்; அது சூடேறும்வரை காத்திருப்பார். மறுபடியும் தோடி. "கேட்டியா? மேல் ஸ்தாயி எப்படித் திறந்துடுச்சு பாரு!" என்பார். நான் தலையாட்டுவேன். காபி கொண்டுவந்த அவர் மனைவி, "நீங்களாவது சொல்லுங்கண்ணே, ஒரு பாட்டை முழுசா வைக்கச் சொல்லுங்க" என்றார். நான் சொல்லவில்லை. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

இந்தக் காரியத்துக்கு ஆங்கிலத்தில் 'டியூப் ரோலிங்' என்று பெயர். உலகம் முழுவதும் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்; மேலான ரசனைக்கு இது அடையாளம் என்றும் நம்புகிறார்கள். பாட்டுக் கேட்பதிலிருந்து தப்பித்துக்கொள்ள இது ஒரு வழி என்பது என் கட்சி.

முதலில் எதிர்க்கட்சிக்கு நியாயம் செய்துவிடுகிறேன். வால்வை மாற்றினால் ஓசை மாறவே மாறாது என்று நான் சாதிக்கவில்லை. 1904-ல் ஃபிளெமிங் இரண்டு உறுப்புள்ள வால்வைச் செய்தார். 1906-ல் லீ டி ஃபாரஸ்ட் நடுவில் ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். சூடான உறுப்பிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பித் தகட்டுக்குப் போகின்றன. வலையில் மின்னழுத்தம் இம்மி ஏறி இறங்கினால் அந்த ஓட்டம் பெரிதாக ஏறி இறங்குகிறது. பெருக்கம் என்பது இவ்வளவுதான். எவ்வளவு பெருக்கும் என்பது உறுப்புகளின் அமைப்பைப் பொறுத்தது. 12 ஏ.எக்ஸ். 7 என்ற வால்வுக்குப் பெருக்க எண் 100. அதே உருவமும் அதே ஒன்பது கால்களும் உள்ள 12 ஏ.யு. 7-க்குச் சுமார் 20தான். ஒன்றைப் பிடுங்கிவிட்டு மற்றொன்றைச் செருகினால் ஓசை மாறாமல் என்ன செய்யும்? வால்வு தேய்ந்துபோனாலும், இரைந்தாலும், விரலால் தட்டும்போது காதில் மணி அடித்தாலும் மாற்றத்தான் வேண்டும். இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

'கதகதப்பு' என்று வால்வுக்காரர்கள் சொல்லும் குணத்துக்கும் காரணம் உண்டு. மூன்று உறுப்பு வால்வு செய்யும் பிழையில் இரண்டாம் மடங்கே பெரும்பாலும் அதிகம். நம் சங்கீதக் கணக்கில் சொன்னால், ஷட்ஜம் 240 அதிர்வு என்றால் 480 மேல் ஷட்ஜம். 720 அதற்கும் மேலே உள்ள பஞ்சமம். ஆகவே வால்வு தன் பங்குக்குச் சேர்க்கும் பிழை, பாடுகிற ஸ்வரத்துக்கே துணை ஸ்வரமாக வந்து நிற்கிறது. காதுக்கு அது உறுத்தாது. சில சமயம் இனிக்கவும் செய்யும். வாஸ்தவம். ஆனால் அதுவும் பிழைதான். நாகஸ்வரக்காரர் வாசிக்காத ஒன்றுதான்.

இன்னொரு காரணம் ஹெட்போனில் இருக்கிறது. நண்பரிடம் இருப்பது 1997-ல் வெளிவந்த ஸென்ஹைஸர் ஹெச்.டி. 600. அதன் மின்தடை 300 ஓம் என்று போட்டிருக்கும். ஆனால் கீழ் ஸ்தாயியில், 100 அதிர்வுக்குப் பக்கத்தில், அது 500 ஓமைத் தாண்டிப்போகும். நண்பரின் ஆம்ப்ளிபையரில் வெளிப்புற டிரான்ஸ்பார்மர் கிடையாது, 6 ஏ.எஸ். 7 என்ற வால்வு நேரடியாக ஹெட்போனை ஓட்டுகிறது. அந்த வாசலில் உள்ள தடை 100 ஓமுக்கு மேல். இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால், கீழ் ஸ்வரங்கள் ஒரு டெசிபல் அளவுக்குத் தூக்கலாக வருவது தெரியும். மிருதங்கத்தின் தொப்பி கொஞ்சம் கனமாகக் கேட்பது இதனால்தான். இது சாதனத்தின் அமைப்பினால் வருவது. வால்வு இங்கிலாந்தில் பிறந்ததா, ரஷ்யாவில் பிறந்ததா என்பதனால் அல்ல. இன்னொரு வேடிக்கை: 6 ஏ.எஸ். 7 சங்கீதத்துக்காகச் செய்ததே இல்லை. மின்சாரம் கொடுக்கும் கருவிகளில் அழுத்தத்தை ஒரே நிலையில் வைத்திருப்பதற்காகச் செய்தது. அது வேலைக்காரன், நாம் அதை வித்வானாக்கிவிட்டோம்.

நண்பரும் அவரைப் போன்றவர்களும் மாற்றுவது வால்வின் வகையை அல்ல. ஒரே வகையில் ஊரையும் வருஷத்தையும் மாற்றுகிறார்கள். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு வால்வுகளுக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு உண்டு. அப்படியிருக்க, 'இந்த ஊர் வால்வுக்கு இந்தக் குணம்' என்று ஜாதகம் கணிக்கிறார்கள். எதை வைத்து? காதை வைத்து என்பார்கள். காதுக்கு ஞாபகம் எவ்வளவு நேரம்? ஓசையின் நுணுக்கம் மனசில் அப்படியே நிற்பது சில விநாடிகள்தான். வால்வை அணைத்து, ஆறவிட்டு, மாற்றி, சூடேற்ற ஐந்து நிமிஷமாவது ஆகும். ஐந்து நிமிஷத்துக்கு முன் கேட்ட ஓசையோடு இப்போதைய ஓசையை ஒப்பிடுகிறவர், ஓசையை ஒப்பிடவில்லை. தாம் அதைப் பற்றிச் சொன்ன வார்த்தையை ஒப்பிடுகிறார்.

சத்தத்தின் அளவு வேறு இருக்கிறது. புது வால்வு முந்தியதைவிட இம்மி அதிகமாகப் பெருக்கினால், சத்தம் கூடியது என்று நமக்குத் தோன்றாது. தெளிவு கூடியது என்று தோன்றும். சத்தம் ஏற ஏறக் கீழ் ஸ்வரங்கள் காதுக்கு அதிக நிறைவாகக் கேட்கும் என்பதை ஃபிளெச்சரும் மன்ஸனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். இரண்டு வால்வையும் மீட்டர் வைத்து ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகு கேட்கிறவர் எத்தனை பேர்? என் நண்பரிடம் ஐம்பது வால்வுகள் இருக்கின்றன, மீட்டர் இல்லை.

மற்றவர்களை மட்டும் குற்றம் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டு வருஷங்களுக்கு முன் இதே வீட்டில் நானே அகப்பட்டுக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டு அபிப்பிராயம் சொல்லும்படி நண்பர் சொன்னார். முதல் வால்வில் கேட்டேன். அவர் வழக்கமான சடங்குகளையெல்லாம் செய்தார். இரண்டாவது தடவை கேட்டதும், "ஆஹா, இதுதான்! குரல் நிலா வெளிச்சத்தில் நிற்கிறது" என்றேன். எழுத்தாளன் அல்லவா, உவமைக்கா பஞ்சம்? நண்பரும் பூரித்துப்போனார். பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தால் புது வால்வு பஞ்சுக்குள் சுகமாகப் படுத்திருக்கிறது. பேச்சு வாக்கில், பிடுங்கிய பழைய வால்வையே மறுபடி செருகியிருக்கிறார். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் சரியான வால்வைச் செருகி, "இப்போ கேளு" என்றார்.

அந்த 'இப்போ கேளு'தான் எனக்கு இன்றைக்கும் ஆறாமல் இருக்கிறது. ஏமாந்தது தப்பில்லை, மனிதக் காது ஏமாறும். ஏமாந்தது தெரிந்த பிறகும் சந்தேகம் ஒரு நிமிஷம்கூட உட்கார இடமில்லாமல் போயிற்றே, அதுதான் தப்பு.

1985-ல் அமெரிக்காவில் பாப் கார்வர் என்ற பொறியாளர் ஒரு பந்தயம் கட்டினார். 'ஸ்டீரியோபைல்' பத்திரிகைக்காரர்கள் தாங்கள் மெச்சுகிற ஆம்ப்ளிபையர் ஒன்றைக் கொடுக்கட்டும். தம்முடைய விலை குறைந்த டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிபையரை அதைப் போலவே ஒலிக்கச் செய்கிறேன் என்றார். அவர்கள் கொடுத்தது விலையுயர்ந்த வால்வு ஆம்ப்ளிபையர். கார்வர் இரண்டின் வித்தியாசத்தை அளந்து அளந்து, தம்முடையதைத் திருத்திக்கொண்டே வந்தார். கடைசியில் அன்றைய பரீட்சையில் பத்திரிகைக்காரர்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணாடிக்குள் தேவதை எதுவும் குடியிருக்கவில்லை என்பது இதன் பொருள். அளக்க முடிந்த சில குணங்கள் இருந்தன. அவற்றை இன்னொன்றிலும் உண்டாக்க முடிந்தது.

ஆனால் தேவதைக்குத்தான் விலை. டெலிபங்கன் வால்வின் அடியில், கால்களுக்கு நடுவே, கண்ணாடியில் வைர வடிவம் வார்த்திருக்கும். அந்த அடையாளம் இருந்தால் ஒரு ஜோடிக்குப் பல ஆயிரம் ரூபாய். இங்கிலாந்தில் பிளாக்பர்ன் நகரத்து ஆலையில் முல்லார்டு வால்வுகள் ஆயின. அந்த ஆலையில் வால்வு உற்பத்தி நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. பிறகு ரஷ்யாவின் சராதோவ் நகரத்தில் ஆன வால்வுகளிலும் 'முல்லார்டு' என்ற பெயர் அச்சாகி விற்பனைக்கு வந்தது. பெயரை விலைக்கு வாங்கலாம். அது சட்டப்படி சரிதான். ஆனால் பெயரைக் காதால் கேட்கிறேன் என்கிறவர் என்ன செய்வார்? நம் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் ரேடியோ வால்வுகளைச் செய்தது. என் தாத்தா வீட்டு ரேடியோ ஊமையானபோது தெருக்கோடி மெக்கானிக் புது வால்வைச் செருகுவார், பாட்டு வரும், தாத்தா கண்ணை மூடிக்கொள்வார். வால்வு எந்த ஊர் என்று அவர் கேட்டதாக எங்கள் வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை.

"அவரவர் காசு, அவரவர் காது, உமக்கென்ன?" என்று கேட்பார்கள். காசைப் பற்றி எனக்குக் கவலையில்லை. "தம்பூராவில் ஜீவாளி நூலை நகர்த்தி நகர்த்தி நாதம் பிடிக்கவில்லையா? அதுவும் இதுவும் ஒன்றுதானே?" என்று கேட்பார்கள். இது நல்ல கேள்வி. நூலை நகர்த்துகிறவர் பாடப்போகிறவர். நாதம் சேர்ந்ததும் நூலை விட்டுவிட்டுப் பாடுகிறார். நாள் முழுக்க நூலையே நகர்த்திக்கொண்டு கச்சேரியை ஆரம்பிக்காத வித்வானை யாராவது கண்டதுண்டா? எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிறவர் வால்வை மாற்றட்டும். அவருக்கு ஆம்ப்ளிபையரும் வாத்தியத்தின் ஓர் உறுப்பு. கேட்கிறவனுக்கு எது வாத்தியம்? அவனுடைய கவனம் ஒன்றுதான். அதைத்தான் இவர்கள் சுருதி சேர்ப்பதே இல்லை.

ராஜரத்தினம் பிள்ளை 1956-ல் காலமானார். அவர் வாசித்த நாளில் ஒலிப்பதிவுக் கூடத்து ஆம்ப்ளிபையர்களில் இருந்தது வால்வுதான். 1947-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்ஸிஸ்டர் அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய தட்டுகளில் மிக உயர்ந்த அதிர்வுகள் பதிவாவதே அபூர்வம். மேற்பரப்பு இரைச்சல் வேறு. அந்த இரைச்சலையும் மீறி ஒரு மனிதனுடைய மூச்சு இன்றுவரை வந்து சேர்கிறதென்றால், அதைக் கொண்டுவந்து சேர்த்தது எது? நாம் மாற்றும் ஐம்பத்தோராவது வால்வா?

என் கோபத்துக்கு வேறு காரணம் இருக்கிறது. எனக்குத் தோடியைச் சொல்லிக்கொடுத்தவரே இந்த நண்பர்தான். இருபது வருஷங்களுக்கு முன், ஹாஸ்டல் அறையில், தேய்ந்த கேஸட் ஒன்றை, ஒரு காது செத்துப்போன ஹெட்போனில் எனக்குப் போட்டுக் காட்டினார். நல்ல காதை எனக்குக் கொடுத்துவிட்டுச் செத்த காதைத் தாம் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தே, "இப்போ காந்தாரத்துல நிக்கிறார் பாரு" என்றார். நின்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்று அவர் கேட்ட ஓசையின் அளவு பூஜ்யம். ஆனாலும் எங்கள் இருவரில் அதிகமாகக் கேட்டவர் அவர்தான். சென்ற மாதம் ஏழாவது தடவை அவர் நிறுத்தியபோது, பிள்ளை அந்தக் காந்தாரத்துக்கு வந்து சேரவே இல்லை. வரப்போகிறார் என்பதையும் நண்பர் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

நண்பர் இதைப் படிப்பார், கோபித்துக்கொள்வார். படட்டும். அவர் வால்வுகளை விற்கச் சொல்லவில்லை. நல்லதாக ஒரு ஜோடியைப் போட்டுக்கொள்ளட்டும். இன்னொரு ஜோடியை அவசரத்துக்கு மேஜை அறையில் வைத்திருக்கட்டும். போட்டது செத்தால் மாற்றட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறேன். எந்த நாட்டு வால்வு வேண்டுமானாலும் எரியட்டும், நான் கேட்கமாட்டேன். ஆனால் தோடியை ஆரம்பித்தால், தட்டு தானாக முடிகிறவரை அவர் கையைக் கட்டிக்கொண்டு என்னோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.