வீட்டு விலையும் வாஸ்து வியாபாரமும்

சென்னையில் வீடு வாங்கப் புறப்படுகின்ற நம் ஜனங்கள் முதலில் தேடுவது யாரை? பத்திரம் படிக்கத் தெரிந்தவரையா? இல்லை, வாஸ்துக்காரரை! ஈசானிய மூலையில் கக்கூஸ் இருக்கிறதென்று அவர் வாய் திறந்தவுடன் நல்ல வீடு மட்ட விலைக்குப் போகின்றது. கிழக்கு வாசலானால் வெடித்த சுவருக்கும் கிராக்கி.

நிற்க, 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் புகுந்த வெள்ளம் கிழக்கு வாசலைக் கண்டு திரும்பிப் போயிற்றா? கணபதி ஹோமம் செய்த வீடென்று தயவு காட்டிற்றா? எத்தனை அடி தண்ணீர் நின்றதென்று பக்கத்து வீட்டாரைக் கேட்டால் தக்ஷணையில்லாமலே சொல்லுவார்களே!

அடுக்குமாடியில் கட்டிடம் வருஷா வருஷம் தேயும். விலை ஏறுவது நிலந்தான். ஆகவே பிரிபடாத மனைப் பங்கு எவ்வளவென்பதே முதற்கேள்வி. ஒரே 1,000 சதுர அடி வீட்டுக்கு 300 அடி மனை வருவதற்கும் 500 அடி வருவதற்குமுள்ள பேதத்தை எந்தப் பஞ்சாங்கம் சொல்லும்?

வில்லங்கத்தை இன்று பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் பதிவாகாத அடமானம் அதில் வராது. அசல் தாய்ப்பத்திரத்தைக் கண்ணால் காணாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நகலை மட்டும் நீட்டுகிறவரிடம் அசல் எந்த பாங்கில் இருக்கிறதென்று கேளுங்கள்.