இல்லத்திற்கு வேண்டியவை: பூட்டிய கைப்பேசி



தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் முன்னோர் மொழி. ஆயினும், அயல்நாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் கைப்பேசியைப் பொறுத்தவரை, பல்லைப் பிடித்துப் பார்ப்பதே நன்று என்று இத்திங்கள் கூற வேண்டியவனாக இருக்கிறேன். மயூர் விஹாரில் வாழும் பெரியவர் ஒருவருக்கு நேர்ந்த இடரே அதற்குக் காரணம்.

நடுவண் அரசுப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அமெரிக்காவில் பணிபுரியும் மகன், தில்லிக்கு வந்த நண்பர் வாயிலாகத் தந்தைக்குப் புதிய கைப்பேசி ஒன்றை அனுப்பி வைத்தான். உள்ளம் பூரித்த பெரியவர், தம் பழைய கைப்பேசியை வீட்டு வேலைக்கு வரும் அம்மையாருக்கு அன்றே கொடுத்துவிட்டார். பின்னர்த் தம் சிம் அட்டையைப் புதியதில் பொருத்தினார். அந்த அட்டையை ஏற்க இயலாது என்று திரையில் எழுத்துகள் தோன்றின. அதே அட்டை அடுத்த வீட்டுக்காரரின் கைப்பேசியில் செவ்வனே வேலை செய்தது.

ஓய்வூதியம் வரும் வங்கியின் ஓ.டி.பி.யும், துணைவியாரின் கண் அறுவைக்கு நாள் குறித்து மருத்துவமனை அனுப்பும் செய்தியும் அந்த எண்ணுக்கே வரவேண்டும். கலங்கிப்போனவர் கடைத்தெருவுக்கு ஓடினார். ஒரு கடைக்காரர் மூவாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு ஏதேதோ எண்களை அழுத்திப் பார்த்தார். பயன் ஒன்றும் விளையவில்லை. மற்றொருவர், கைப்பேசியின் உள்ளே இருக்கும் அடையாள எண்ணையே மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றாராம். நல்வேளையாக, அதற்கு இசைவதற்கு முன் பெரியவர் என்னிடம் வந்தார்.

இதில் பழுது ஏதும் இல்லை, பூட்டுத்தான் இருக்கிறது. ஒவ்வொரு சிம் அட்டையிலும் 15 இலக்கம் கொண்ட எண் ஒன்று பதிந்துள்ளது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பவை. இந்தியாவுக்கு 404, 405 என்பவை உரியன; அமெரிக்காவுக்கு 310 முதலியன. அடுத்து வரும் இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும். பூட்டிய கைப்பேசி இவ்விலக்கங்களைப் படித்துப் பார்த்து, தன்னை விற்ற நிறுவனத்தின் அட்டை அன்று எனின் ஏற்க மறுத்துவிடும்.

நம் நாட்டில் பெரும்பாலோர் முழு விலை கொடுத்துக் கடையில் கைப்பேசி வாங்குவதால் இப்பூட்டை நாம் அதிகம் அறியோம். 2017-இல் ரூ.1500 வைப்புத்தொகைக்குக் கொடுக்கப்பட்ட ஜியோபோன் அந்நிறுவனத்தின் அட்டையை மட்டும் ஏற்றது. அதனைப் பயன்படுத்தியோர்க்கு இது புதிதன்று. அமெரிக்காவிலோ தொலைபேசி நிறுவனங்களே கைப்பேசியைத் தவணைக்கு விற்பது பெருவழக்கு. தவணை தீருமுன் வாடிக்கையாளர் வேறிடம் போய்விடாதிருக்கவே இப்பூட்டு.

இது குறித்து அந்நாட்டில் பெரிய வழக்காடலே நிகழ்ந்தது. 2013 சனவரி 26-க்குப் பின் வாங்கிய கைப்பேசியை நிறுவனத்தின் இசைவின்றித் திறப்பது பதிப்புரிமைச் சட்டத்திற்கு மாறானது என்ற நிலை ஏற்பட்டது. அதனை எதிர்த்து வெள்ளை மாளிகைக்கு விடுத்த விண்ணப்பத்தில் 1,14,000 பேர் ஒப்பமிட்டனர். 2014 ஆகஸ்டு 1-இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தால் அத்தடை நீங்கியது. கானடாவில் 2017 டிசம்பர் முதலும், பிரிட்டனில் 2021 டிசம்பர் முதலும் பூட்டிய கைப்பேசியை விற்பதே தடுக்கப்பட்டது.

பெரியவரிடம் இவற்றைக் கூறி, "மகனிடமே கேளுங்கள் ஐயா" என்றேன். என் கைப்பேசியிலிருந்தே பேசினார். மகன் முதலில் மழுப்பினான். பிறகு, "இன்னும் பதினான்கு தவணை இருக்கிறது அப்பா" என்றான். பெரியவர் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை. "கடன்பட்டா எனக்கு இதை அனுப்பினான், தம்பி? பழையதே போதும் என்று சொல்லியிருப்பேனே" என்று என்னிடம் கூறியபோது அவர் குரல் தழுதழுத்தது. மகன் எஞ்சிய தொகையைக் கட்டி, நிறுவனத்திற்கு எழுதினான். இரண்டு நாளில் பூட்டு திறந்தது. அதற்காக அவன் தனியே ஒரு காசும் கொடுக்க நேரவில்லை.

கடைக்காரர் கூறிய வழியில் சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மீண்டும் சதுரக் குறி என்று அழுத்தினால் திரையில் தோன்றும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணே கைப்பேசியின் அடையாளம். அதனைத் திருத்துவது 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பது இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கத்தக்க குற்றம். தவறான திறப்பெண்ணைப் பலமுறை அழுத்தினால், சில கைப்பேசிகளில் பூட்டு நிலையாக இறுகிவிடுவதும் உண்டு.

ஆகவே, அயல்நாட்டில் பிள்ளைகளை உடையோர் நான்கு செய்திகளை மனத்தில் இருத்துதல் நலம்.

முதலாவது, கைப்பேசி புறப்படுமுன்னரே, அது பூட்டற்றதுதானா, தவணை ஏதும் நிற்கிறதா எனக் கேளுங்கள். ஐபோனாயின் அமைப்புகளில் 'ஜெனரல்', 'அபவுட்' என்னும் பகுதிகளுக்குச் சென்று, 'கேரியர் லாக்' என்ற வரியில் 'நோ சிம் ரெஸ்டிரிக்ஷன்ஸ்' என்றிருக்கிறதா எனப் பார்க்கலாம்.

இரண்டாவது, திறக்குமாறு விண்ணப்பிக்க வேண்டியவர் அங்கே கணக்கு வைத்திருப்பவர். பாக்கி தீர்ந்து, குறித்த நாள்கள் கழிந்து, களவுபோனதென்ற முறையீடும் இல்லையாயின் நிறுவனமே திறந்துவிடும்.

மூன்றாவது, அமெரிக்காவில் 2022-இல் வெளிவந்த ஐபோன் 14 முதலாக, அங்கே விற்கப்படுபவற்றில் சிம் அட்டை செருகும் இடமே இல்லை. அவற்றுக்கு இ-சிம் வேண்டும். இங்குள்ள நிறுவனத்திடம் அதனைக் கேட்டுப் பெறலாம்.

நான்காவது, புதிய கைப்பேசியில் ஓர் அழைப்பேனும் பேசிப் பார்க்கும் வரையில் பழையதை எவருக்கும் கொடாதீர்கள்.

பெரியவரின் துணைவியாருக்கு அறுவை நல்லமுறையில் முடிந்தது. பிள்ளைகள் அன்பினால் அனுப்புவதை வேண்டாமெனத் தடுக்க நம்மால் இயலாது. ஆனால், "இதற்குக் கடன் ஏதும் உண்டா, அப்பா?" என்று மகனைக் கேட்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை. கைப்பேசியின் பூட்டைப் பற்றி மட்டுமன்றி, அவன் வாழ்வைப் பற்றியும் சிறிது அறிந்துகொள்ள அது வழியாகும்.