மருந்து வந்தது, யாருக்கு வந்தது?



“இனி மருந்து கேட்காது” என்று டாக்டர் சொல்லும் நாள்தான் புற்றுநோயாளியின் வீட்டில் இடி விழும் நாள். முதல் சில ஊசிகளுக்குக் கட்டி சுருங்குகிறது. நகையை அடகு வைத்த குடும்பம் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. சில மாதம் கழித்துக் கட்டி மீண்டும் தலைதூக்குகிறது. அதே மருந்துதான், பலன் மட்டும் இல்லை. ஏன்?

கனடாவின் டொராண்டோ நகரில் 1976-இல் ஜூலியானோ, விக்டர் லிங் என்ற இரு விஞ்ஞானிகள், மருந்துக்கு மசியாத செல்களின் மேலுறையில் ஒரு புரதத்தைக் கண்டார்கள். அது ஒரு பம்பு என்று பின்னர் தெளிவாயிற்று. கிணற்று நீரை இறைப்பதுபோல, உள்ளே நுழையும் மருந்தை அது வெளியே இறைத்துக் கொட்டுகிறது. ஒரு மருந்தை மட்டுமல்ல, பல மருந்துகளை! அளவைக் கூட்டலாமே என்பீர்கள். டாக்ஸோரூபிசின் என்ற மருந்தை அளவு மீறிக் கொடுத்தால் இதயமே கெடும்.

இங்கேதான் நானோ வாகனம் வருகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அந்த அளவே உள்ள கொழுப்புக் குமிழி. அதற்குள் மருந்து. செல் குமிழியை முழுசாக விழுங்கி உள்ளே கொண்டுபோகும்போது வாசலில் நிற்கும் பம்பு ஏமாறுகிறது. சோதனைச்சாலையில் இது மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது. உடம்புக்குள் வேலை இன்னும் கடினம். விலங்குகளில் நடந்த பத்தாண்டுச் சோதனைகளை 2016-இல் தொகுத்துப் பார்த்தபோது, ஏற்றிய மருந்தில் கட்டியை எட்டியது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை; இடைநிலை மதிப்பு 0.7 பங்கே! ஆராய்ச்சி தொடர வேண்டும்.

ஆயினும் பலன் கண்கூடு. டாக்ஸோரூபிசினைக் குமிழியில் அடைத்த ‘டாக்சில்’ 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வேறு மருந்துகளுக்கு மசியாத சினைப்பைப் புற்றுநோய்க்கு 1999-இல் அனுமதி கிடைத்தது. இதயத்துக்கு வரும் கேடும் குறைந்தது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். 2011-இல் டாக்சிலைத் தயாரித்துக் கொடுத்த ஒரே ஒப்பந்தத் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. செல்வத்தில் கொழிக்கும் அமெரிக்காவிலேயே நோயாளிகள் மருந்தின்றித் தவித்தார்கள்! 2012 பிப்ரவரியில் அமெரிக்க அரசு எங்கே கையேந்தியது? இந்தியாவில் தயாரான ‘லிப்போடாக்ஸ்’ மருந்தை இறக்குமதி செய்ய அனுமதித்தது. ஏகபோகத்தின் லட்சணம் இதுதான்!

அந்தத் திறமை இங்கே எப்படி வளர்ந்தது? லிப்போடாக்ஸைச் செய்ததும் தனியார் கம்பெனிதான். ஆனால், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்ற 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழலில்தான் இந்நாட்டு மருந்துத் தொழில் தழைத்தது. 2005-இல் அந்த நிழல் வெட்டப்பட்டது. எஞ்சிய கவசம் ஒன்று: அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவிலுள்ள ‘டி’ உட்பிரிவு. பழைய மருந்தின் துகள் அளவை மாற்றிவிட்டேன், புதுக் காப்புரிமை கொடு என்று கேட்டால் போதாது. நோய் தீர்க்கும் பலன் கணிசமாகக் கூடியதைக் காட்ட வேண்டும். இந்தப் பிரிவின்படியே 2013 ஏப்ரல் 1-இல் நோவார்ட்டிஸ் கம்பெனியின் வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

துகள் அளவு! நானோ மருந்தின் உயிரே அதுதானே? உண்மையான புதுமைக்கு மதிப்புக் கொடுப்போம். பழைய சரக்கைப் புதுக் குமிழியில் அடைத்துவிட்டு இன்னும் 20 ஆண்டு கொள்ளைக்கு உரிமை கேட்டால், கொடுக்க முடியாது!

செல்லின் வாசலில் ஒரு பம்பு மருந்தைத் தள்ளுகிறது. ஆஸ்பத்திரி வாசலில் விலை என்ற பம்பு நோயாளியையே தள்ளுகிறது. முதலாவதை விஞ்ஞானி பார்த்துக்கொள்வார். இரண்டாவது நம் வேலை.

1961-இல் மக்கள் பணத்தில் பிறந்த ஐ.டி.பி.எல். மருந்து நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அந்தப் பாதை வேண்டாம். ‘டி’ உட்பிரிவில் கை வைக்காதே! நானோ மருந்தைப் பொதுத்துறையில் உற்பத்தி செய்! அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடு! சங்கக் கூட்டந்தோறும், ஆலை வாசல்தோறும் இந்தக் கோரிக்கை ஒலிக்கட்டும்.