வானத்துக்கும் வேலி உண்டு!

குட்டீஸ், உங்கள் பள்ளியில் உலக உருண்டை இருக்கிறதா? ஒரு நூலை எடுங்கள். ஒரு முனையை பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரிலும், மறுமுனையை ஜப்பானின் டோக்கியோவிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் எந்த நாட்டின் மேல் போகிறது? பெரும்பகுதி ரஷ்யா!

இந்த நேர்வழியின் தூரம் சுமார் 7,800 கி.மீ. விமானத்தில் ஒன்பது, பத்து மணி நேரம்தான். 2022க்குப் பிறகோ சுமார் 13 மணி நேரம் ஆகிறது. விமானத்தின் வேகம் குறையவில்லை. ஊர்களும் இடம் மாறவில்லை. பிறகு ஏன் இந்தத் தாமதம்?

2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. உடனே பின்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள், ரஷ்ய விமானங்கள் தங்கள் வானில் பறக்கத் தடை விதித்தன. பதிலுக்கு ரஷ்யா, 36 நாடுகளின் விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது.

வானத்தை மூட முடியுமா என்று கேட்கிறீர்களா? முடியும். ஒரு நாட்டின் நிலத்துக்கு மேலே உள்ள வானமும் அந்த நாட்டுக்கே சொந்தம் என்று 1944ல் சிகாகோவில் உருவான ஒப்பந்தம் சொல்கிறது.

அதனால் பின்லாந்தின் 'பின்ஏர்' விமானங்கள் சுற்றிப் போகின்றன. ஒரு வழி, தெற்கே மத்திய ஆசியா, சீனா மீது. இன்னொரு வழி, வட துருவத்தின் மேலே! அங்கே சாதாரண காந்த திசைகாட்டியை நம்ப முடியாது. அவசரமாக இறங்கப் பெரிய விமான நிலையங்களும் பக்கத்தில் இல்லை. அதனால் கடுங்குளிரைத் தாங்கும் உடைகளையும் விமானத்தில் எடுத்துச் செல்கிறார்கள். துருவத்தைக் கடந்த பயணிகளுக்குச் சான்றிதழும் கொடுத்தார்கள்!

இது புதிய வழியும் அல்ல. சோவியத் யூனியன் தன் வானத்தை மூடி வைத்திருந்த காலத்தில், 1983லேயே பின்ஏர் இப்படி டோக்கியோ சென்றது.

சுற்று வழி என்றால் எரிபொருள் அதிகம், செலவு அதிகம், புகையும் அதிகம். ரஷ்யா தடை விதிக்காத சீன விமானங்களோ பழைய குறுக்கு வழியிலேயே ஐரோப்பா போகின்றன. போட்டியில் அவற்றுக்கு லாபம். ரஷ்யாவுக்கும் நஷ்டம் உண்டு. தன் வானில் பறக்கும் விமானங்களிடம் அது வசூலித்த கட்டணத்தில் ஒரு பகுதி போய்விட்டது.

நம் நாட்டுக்கும் இந்த அனுபவம் உண்டு. 2025 ஏப்ரலில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றன் விமானங்களுக்கு மற்றொன்று வானத்தை மூடின. டில்லியில் இருந்து லண்டன் சென்ற இந்திய விமானங்கள் அரபிக்கடல் பக்கமாகச் சுற்ற வேண்டியதாயிற்று.

இரண்டு ஊர்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதை உலக உருண்டை சொல்லிவிடும். எவ்வளவு நேரம் என்பதை நாடுகளின் நட்பும் பகையும் சேர்ந்துதான் சொல்கின்றன. சண்டை போடாதவர்களும் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

இப்போது அந்த நூலை வட துருவம் வழியாக வைத்துப் பாருங்கள். எவ்வளவு நூல் கூடுதலாகத் தேவைப்படுகிறது?