இருவர் போகும் வண்டிக்கு ஒருவர் கணக்கா?

"ஏனுங்க, உங்க வண்டி லிட்டருக்கு எவ்வளவுங்க குடுக்குது?"

புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கியவரிடம் நம் கொங்கு நாட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். வண்டியின் நிறமும் அழகும் பிறகே பேச்சுக்கு வரும். காசின் அருமை அறிந்த மக்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. ஆனால் அதற்குக் கிடைக்கும் விடை நியாயமானதா என்பதே இக்கட்டுரையில் நான் எழுப்ப விரும்பும் வினா.

விற்பனை நிலையத்தில் ஓர் எண்ணைச் சொல்கிறார்கள். அது எப்படிக் கிடைத்தது என்று நாம் கேட்பதில்லை. அரசு அங்கீகாரத்துக்கான சோதனை நம் சாலைகளில் நடைபெறுவதன்று. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி ஓட்டுகிறார்கள். அப்போது வண்டியின் எடையோடு 75 கிலோ மட்டுமே சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. அந்த 75 கிலோ என்பது ஓட்டுபவர் ஒருவர். பின்னால் மனைவி இல்லை, நடுவில் குழந்தை இல்லை, பக்கத்தில் பை இல்லை. ஆகவே நமக்குச் சொல்லப்படும் மைலேஜ், வெறுங்கையோடு தன்னந்தனியே செல்லும் ஒரு மனிதரின் மைலேஜ்.

அப்படிச் செல்பவர்கள் நம் பவானியில் எத்தனை பேர்? ஆடிப் பெருக்கன்று கூடுதுறைக்கு வரும் சாலைகளில் நின்று பாருங்கள். கணவனும் மனைவியும், அவர்கள் இடையே கூடையும், மாற்றுத் துணிப் பையும் ஏற்றிய வண்டிகளே வரிசையாக வரும். பங்குனியில் பண்ணாரிக்குச் செல்லும் கூட்டமும் அப்படியே. புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளத்தை நெய்யும் வீடுகளுக்கு நூல் கட்டு போவதும், நெய்த ஜமக்காளம் கடைக்குத் திரும்புவதும் பெரும்பாலும் இரு சக்கர வண்டியின் முதுகில்தான். நம் கல்லூரி நண்பர்கள் விடுமுறையில் சத்தியமங்கலம், திம்பம் வழியாகவோ, அந்தியூர், பர்கூர் வழியாகவோ மைசூருக்குப் புறப்பட்டால், வண்டிக்கு இருவரும் மூட்டையுமாகத்தான் புறப்படுகிறார்கள்.

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததன்று. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தபோது, இருவர் அமரக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட் என்ற பெயரோடுதான் வந்தது. 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்து, நான்கு வீச்சு எஞ்சினின் சிக்கனத்தை ஊரெங்கும் பேச வைத்தது. அன்று முதல் இன்று வரை எஞ்சின் மாறியிருக்கிறது. அதில் ஏறும் குடும்பமும் மூட்டையும் மாறவில்லை. விளம்பரத்தின் கணக்கு மட்டும் ஒற்றை ஆளைச் சுற்றியே நிற்கிறது.

இது சிறிய செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது. நம் நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2014இல் வெளியான அரசின் கணக்கெடுப்பு ஒன்று, நாட்டில் விற்கும் பெட்ரோலில் ஏறத்தாழ 61 விழுக்காட்டை இரு சக்கர வண்டிகளே குடிக்கின்றன என்று கண்டது. கார்கள் அல்ல, நம் வண்டிகள்! 2021இல் தமிழகத்தில் பெட்ரோல் விலை லிட்டருக்கு நூறு ரூபாயைத் தாண்டியது. குழித்தறியில் நாளெல்லாம் கால் மிதித்து நெய்யும் ஒருவருக்கு, வாரத்தில் ஒரு லிட்டர் கூடுவதும் குறைவதும் சிறிய செய்தியா?

சரி, பின்னால் ஆளும் சுமையும் ஏறினால் பெட்ரோல் எவ்வளவு கூடும்? பலரும் எடை இரு மடங்கானால் செலவும் இரு மடங்காகும் என்று அஞ்சுகிறார்கள். இயற்பியல் வகுப்பில் நாம் படிக்கும் பாடத்தைக் கொஞ்சம் சாலைக்குக் கொண்டுவந்தால் உண்மை வேறு விதமாகத் தெரியும்.

சமதளத்தில் சீராக ஓடும் வண்டியைப் பின்னுக்கு இழுப்பவை இரண்டு. ஒன்று, டயர் தரையில் உருளும்போது உண்டாகும் தடை. இது எடைக்கு ஏற்பக் கூடும். மற்றொன்று காற்றின் தடை. இது எடையைப் பார்ப்பதில்லை, வேகத்தைப் பார்க்கிறது. வேகம் இரு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும்.

தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி 120 கிலோ, ஓட்டுபவர் 75 கிலோ. ஆக 195 கிலோ. பின்னால் 65 கிலோ எடையுள்ள ஒருவரும் 40 கிலோ மூட்டையும் ஏறினால் மொத்தம் 300 கிலோ. டயரின் உருளல் தடையை எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு என்று கொண்டால், தனியாளுக்கு அது 3 கிலோ இழுவை. சுமையோடு நாலரைக் கிலோ இழுவை. கூடியது ஒன்றரைக் கிலோ மட்டுமே. காற்றுத் தடையோ, நிமிர்ந்து அமர்ந்து ஓட்டுபவருக்கு 50 கி.மீ. வேகத்தில் சுமார் 7 கிலோ, 80 கி.மீ. வேகத்தில் சுமார் 18 கிலோ. கூடியது 11 கிலோ! அதாவது, ஆளும் மூட்டையும் சேர்ந்து தரும் கூடுதல் உருளல் தடையைப் போல் ஏழு மடங்கு தடையை, வலது கையின் ஒரு சிறு திருகல் தந்துவிடுகிறது.

இன்னொரு வகையில் சொன்னால், 80 கி.மீ. வேகத்தில் பறக்கும் தனியாளை இழுக்கும் தடை மொத்தம் 21 கிலோ. 50 கி.மீ. வேகத்தில் நிதானமாகச் செல்லும் இருவரையும் அவர்கள் மூட்டையையும் இழுக்கும் தடை, மூட்டை காற்றில் கொஞ்சம் மோதுவதையும் சேர்த்தாலும், 13 கிலோவைத் தாண்டாது. எஞ்சினின் திறன் சுமைக்குச் சுமை மாறும் என்பதால் பெட்ரோல் இதே விகிதத்தில் குறையும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குற்றவாளி யார் என்பதில் ஐயமில்லை. பின்னால் அமர்ந்திருப்பவர் மேல் பழி போடுகிறோம். பெட்ரோலைக் குடிப்பது முன்னால் இருப்பவரின் அவசரம்.

மலைப்பாதைக்கு வருவோம். திம்பம் மலைச் சாலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது எடை கட்டாயம் பேசும். எனினும், கூடுதலாக ஏறிய 105 கிலோவை ஆயிரம் மீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் செல்ல எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று பாருங்கள். எரிபொருளின் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கே சக்கரத்தைச் சேர்கிறது என்று கொண்டாலும், 160 மில்லி லிட்டர் போதும். ஒரு தம்ளர் அளவு! மலையைவிட நகரமே சுமை வண்டிக்குக் கொடியது. ஈரோட்டு நெரிசலில் நின்று நின்று கிளம்பி ஒவ்வொரு முறையும் 50 கி.மீ. வேகத்தை எட்டினால், முந்நூறு கிலோ வண்டிக்கு ஒவ்வொரு கிளம்பலுக்கும் நாலைந்து மில்லி செலவாகும். நூறு முறை நின்றால் அரை லிட்டரை நெருங்கிவிடும். முன்னே தெரியும் சிவப்பு விளக்கை நோக்கி விரட்டிச் சென்று பிரேக் பிடிப்பது, காசைச் சாலையில் உரசித் தேய்ப்பதற்குச் சமம்.

ஏற்றத்தில் செலவானதை இறக்கத்தில் மீட்கலாம் என்று எண்ணி, நியூட்ரலில் போட்டு அல்லது எஞ்சினையே நிறுத்தி மலை இறங்குவோர் உண்டு. இது தவறான சிக்கனம் மட்டுமன்று, உயிரோடு விளையாடும் சிக்கனம். இருவரும் மூட்டையும் ஏற்றிய வண்டியின் முழுப் பாரத்தையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டியதாகி, அது சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு, நம் வண்டிகள் அநேகமாகக் கார்புரேட்டரை விட்டு மின்னணு எரிபொருள் செலுத்து முறைக்கு மாறிவிட்டன. இவற்றில் பெரும்பாலானவை, கியரில் இருக்கும்போது கைப்பிடியை முழுதும் மூடினால் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டாலோ எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். ஆக, குறைந்த கியரில் இறங்குவதே சிக்கனம், அதுவே பாதுகாப்பும்.

சுமையோடு செல்பவர் கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. பின் டயருக்குத் தனியாளுக்கு ஓர் அளவும் இருவருக்கு அதைவிடக் கூடுதலாக ஓர் அளவும் காற்று வேண்டும் என்று வண்டியோடு வரும் புத்தகமே சொல்கிறது. அதைப் பார்த்துக் காற்று அடிப்பவர்கள் மிகச் சிலரே. காற்றுக் குறைந்த டயர் தரையில் ஒட்டிக்கொண்டு உருள மறுக்கும். மூட்டையை அகலமாகப் பக்கங்களில் தொங்கவிடுவதைவிட, ஓட்டுபவரின் உடல் மறைவுக்குள் அடங்குமாறு தாழ்வாகவும் இறுக்கமாகவும் கட்டினால் காற்றில் மோதுவது குறையும், வண்டியும் ஆடாது. தளர்ந்த சங்கிலியும் அழுக்கடைந்த காற்று வடிகட்டியும் தனியாளுக்குச் செய்யும் தீங்கைவிடச் சுமை வண்டிக்குச் செய்யும் தீங்கு அதிகம்.

பெட்ரோலும் மாறியிருக்கிறது. 2023 முதல் படிப்படியாக வந்து, இன்று நம் பங்குகளில் கிடைப்பது நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல். கரும்பு விளையும் நம் பகுதிக்கு இதனால் நன்மையும் உண்டு. ஆனால் எத்தனால் ஒரு லிட்டர் தரும் வெப்பம் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய இரு சக்கர வண்டிகளில் இதனால் மூன்று நான்கு விழுக்காடு மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையே கூறியது. வண்டி வாங்கியபோது சொன்ன எண் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

"சுமைக்கு இவ்வளவுதான் செலவென்றால், மூன்று பேராகப் போனால் இன்னும் மிச்சம்தானே?" என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். கல்லூரி வாசலிலே நாள்தோறும் நாம் காணும் காட்சிதான் இது. கணக்கு அங்கே முடிவதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, ஓட்டுபவரைத் தவிர ஒருவரை மட்டுமே அனுமதிக்கிறது. மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதமும், மூன்று மாதம் உரிமம் இழப்பும் 2019 திருத்தத்தில் உள்ளன. சட்டத்தை விடுங்கள். மூன்றாமவர் ஏறியதும் பாரம் பின்னே சாய்கிறது. முன் சக்கரத்தின் பிடி தளர்கிறது. திருப்புவதற்கு ஓட்டுபவருக்கு இடமில்லை. பெட்ரோலில் மிச்சமாகும் பத்து ரூபாய்க்காக ஒரு தாயின் கண்ணீரை ஈடு வைக்கலாமா? குழந்தையோடு செல்வோருக்கும் ஒரு சொல்: நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றிச் செல்லும்போது வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது என 2022இல் விதி வகுக்கப்பட்டது. காக்கும் வேகமும் சிக்கன வேகமும் ஒன்றாக இருப்பது நமக்கு நல்லதே.

சிக்கனத்தை வண்டிக்கு எத்தனை கி.மீ. என்று அளப்பதே பிழை என்பது என் கருத்து. ஆளுக்கு எத்தனை கி.மீ. என்று அளக்க வேண்டும். தனியே போகும்போது லிட்டருக்கு 55 கி.மீ. தரும் வண்டி, இருவரும் மூட்டையுமாகப் போகும்போது 45 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கிலோமீட்டர் நட்டம் என்று வருந்துகிறோம். உண்மையில் அந்த ஒரு லிட்டர் 90 கி.மீ. பயணத்தைத் தந்திருக்கிறது. லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டரே ஓடும் அரசுப் பேருந்து, ஐம்பது பேரை ஏற்றினால் 250 கி.மீ. பயணத்தைத் தருகிறது. ஆகவே ஈரோட்டுக்குப் பேருந்தில் போக முடிந்தவர் பேருந்தில் போகட்டும். வண்டிதான் வேண்டுமென்றால் ஒரே வழியில் போகும் இரு நண்பர்கள் இரண்டு வண்டி எடுக்காமல் ஒரு வண்டியில் போகட்டும்.

நாம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. வண்டி செய்யும் நிறுவனங்கள் தனியாளுக்கு ஓர் எண், இருவருக்கும் சுமைக்கும் ஓர் எண் என இரண்டையும் அச்சிட்டுத் தர வேண்டும். டயரின் காற்றுக்கு இரண்டு அளவு சொல்லத் தெரிந்தவர்களுக்கு மைலேஜுக்கும் இரண்டு அளவு சொல்வது கடினமன்று. அரசு அதைக் கட்டாயமாக்க வேண்டும். வாங்குபவர்களில் பெரும்பாலோர் எப்படி வண்டியைப் பயன்படுத்துகிறார்களோ அப்படிச் சோதிப்பதே நேர்மையான சோதனை.

அதுவரை நாமே அளக்கலாம். டேங்கை நிரப்பிக்கொண்டு, ஓடிய தூரத்தைக் குறித்துவைத்து, அடுத்த முறை அதே அளவுக்கு நிரப்பும்போது ஊற்றிய லிட்டரால் வகுத்தால் போதும். தனியே போன வாரம், துணையோடு போன வாரம், விரைந்த பயணம், நிதானித்த பயணம் என்று தனித்தனியே எழுதி வைத்தால், இரண்டே மாதத்தில் விளம்பரம் சொல்லாத உண்மையை ஒரு நாற்பது பக்க நோட்டு சொல்லும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். காவிரியும் பவானியும் கூடும் ஊரில் வாழும் நாம், டேங்கிலே போடுவதையாவது அளந்து போடுவோம்.